நொஆன்-விக்: சாலையோரத்தில் இரண்டு சிற்றூர்கள்

செவ்வாய்

பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் ரயில் நிலையத்தில் புறப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் ஷாத்தோரூவை அடைந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து மாலையில் லா ஷாத்ர் வந்து சேர்ந்தேன். நான் பார்க்க வந்த ஊர் இதற்கு ஆறு கிலோமீட்டர் வடக்கே, பேருந்து வந்த அதே சாலையில் இருக்கிறது. அதன் பெயர் நொஆன்-விக். அங்கே தங்குவதற்கு இடம் அதிகம் இல்லை என்பதால் லா ஷாத்ரில் ஒரு வீட்டின் மாடியறையை எடுத்துக்கொண்டேன்.

நொஆன்-விக் ஒரு கொம்யூன். புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்துகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பிரான்ஸில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட வசிப்பதில்லை. அப்படிப்பட்டவற்றுக்கும் தனி மேயர் உண்டு, தனி மன்றம் உண்டு. நொஆன்-விக்கும் அந்த அளவுடைய ஊர்தான். நொஆன், விக் என்ற இரண்டு சிற்றூர்கள் சேர்ந்தது அது. இரண்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் தொலைவு இருக்கும். நொஆனில் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ழார்ழ் சாந்தின் வீடு இருக்கிறது, அதைத் தேடி உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். விக்கில் 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கொண்ட ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. அந்த வீட்டைப் பார்க்க வருபவர்களில் எத்தனை பேர் இந்தத் தேவாலயத்தின் முன்னால் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வழியில் பேருந்து அதைக் கடந்தபோது அதன் வாசலில் ஒருவரும் இல்லை.

ஷாத்தோரூவை விட்டு வெளியே வந்ததும் திறந்த கோதுமை வயல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. தெற்கே வர வர நிலத்தின் சாயல் மாறுகிறது. உயிர்வேலிகள் சூழ்ந்த சிறிய மேய்ச்சல் நிலங்களும், அவற்றுக்கிடையே தாழ்ந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகளும், வேலிக்குள்ளேயே வளர்ந்து நிற்கும் ஓக் மரங்களும் வருகின்றன. மேட்டிலிருந்து பார்த்தால் இந்தப் பச்சை கறுத்துத் தெரியும். ழார்ழ் சாந்த் இந்தப் பகுதிக்குக் 'கறுப்புப் பள்ளத்தாக்கு' என்று பெயரிட்டார். தம் கிராமத்து நாவல்கள் பலவற்றை அவர் இங்கேதான் நிகழ்த்தினார்.

புதன்

பேருந்து நிறுத்தத்திலிருந்து சில நிமிடம் நடந்ததும் நொஆனின் சதுக்கம் வந்துவிடுகிறது. ஊர் என்று சொல்லத்தக்கது இந்தச் சதுக்கமும் அதைச் சுற்றியுள்ள சில வீடுகளும்தான். ஒரு பக்கம், மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரத்தை முகப்பாகக் கொண்ட, புனித அன்னம்மாள் பெயரிலான மிகச் சிறிய தேவாலயம். அதற்கு எதிரே வீட்டின் வாயிற்கதவு. இங்குள்ளோர் இதைக் கோட்டை என்று சொல்லக் கேட்டேன். ஆனால் கொத்தளமோ அகழியோ இதற்கு இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்ட, அளவான ஜன்னல்களுடைய, வசதியான ஒரு நாட்டுப்புறப் பெருவீடு இது.

பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த 1793ஆம் ஆண்டில் சாந்தின் தந்தைவழிப் பாட்டி இந்தப் பண்ணையை விலைக்கு வாங்கினார். அந்தப் பாட்டி, படைத்தலைவர் மோரிஸ் த சாக்ஸின் மகள். அவ்வழியே போலந்து அரசர் ஒருவரின் பேத்தி. சாந்தின் தாயோ பாரிஸ் ஆற்றங்கரையில் பறவை விற்றுப் பிழைத்த ஒருவரின் மகள். 1804ஆம் ஆண்டில் பிறந்து ஒரோர் துய்ப்பான் என்று பெயரிடப்பட்ட குழந்தை, பின்னாளின் ழார்ழ் சாந்த், நான்கு வயதில் இங்கே கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் தந்தை லா ஷாத்ரிலிருந்து திரும்பும் வழியில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு பாட்டிக்கும் தாய்க்கும் இடையிலான இழுபறியில்தான் அந்தக் குழந்தை வளர்ந்தது. இந்த இரண்டு குலங்களும் தம் உடம்பில் கலந்திருப்பதைச் சாந்த் பின்னாளில் தம் தன்வரலாற்றில் பெருமையாகவே எழுதினார். கிராமத்து மனிதர்களைக் கதைநாயகர்களாக்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குள் தனியாக அலைய முடியாது. வழிகாட்டியுடன் சிறு குழுக்களாகத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் வழிகாட்டி இந்த வட்டாரத்துப் பெண். ஆண்டுகளை ஒப்பிக்காமல், ஒவ்வோர் அறையிலும் யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன செய்தார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கீழ்த்தளத்தில் சமையலறை, அதன் பின் உணவறை. உணவு மேசை விருந்துக்குத் தயாராக விரிக்கப்பட்டிருக்கிறது; தலைக்கு மேலே வெனிஸ் கண்ணாடிச் சரவிளக்கு தொங்குகிறது. ஒவ்வொரு தட்டின் அருகிலும் ஒரு பெயர் அட்டை வைத்திருக்கிறார்கள். குனிந்து படித்தால் எழுத்தாளர்கள் ஃப்ளோபேர், துர்கனேவ், ஓவியர் தெலக்ருவா, இசையமைப்பாளர் ஷோப்பான் என்று வரிசை போகிறது. இவர்கள் எல்லாரும் ஒரே இரவில் இங்கே கூடியவர்கள் அல்லர். ஷோப்பான் 1849இல் இறந்துவிட்டார், ஃப்ளோபேர் முதன்முதலில் வந்தது 1869ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு. இந்த வீட்டின் நாற்பது ஆண்டு விருந்தோம்பலை ஒரே மேசையில் காட்ட நினைத்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்துக் கூடத்தில் உள்ள நீள்வட்ட மேசை. ஊர்த் தச்சர் பியேர் பொனன் செய்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டார் அனைவரும் இதைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க, ஒருவர் படம் வரைய, ஒருவர் தைக்க, இப்படியே நள்ளிரவு நெருங்கும். எல்லாரும் படுக்கப் போனதும் சாந்த் மேலே தம் அறைக்குச் சென்று விடியும்வரை எழுதுவார். இளமையில் அவர் எழுதிய இடமும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் பாட்டியின் ஒப்பனையறையாக இருந்த ஒரு சிற்றறையில், மேசை போட இடமில்லாமல், ஓர் அலமாரியின் மடக்குப் பலகையை விரித்து வைத்து எழுதியிருக்கிறார். குழந்தைகள் அடுத்த அறையில் உறங்கினார்கள். அவருக்குத் தூங்க ஓர் ஊஞ்சற்படுக்கை. கசிமிர் துதெவானுடனான மணவாழ்க்கை கசந்து, 1831இல் பாரிஸுக்குப் போய், அடுத்த ஆண்டு 'இந்தியானா' நாவலை ஆண்பெயரில் வெளியிட்டவரின் தொடக்கம் இந்தப் பலகைதான். 1836இல் நீதிமன்றத்தின் வழியே கணவரிடமிருந்து பிரிந்த பிறகே இந்த வீடு முழுமையாக அவர் கைக்கு வந்தது. மணமான பெண்ணின் சொத்தைக் கணவனே ஆண்டுவந்த காலத்தில் அது சாதாரண வெற்றி அல்ல.

ஷோப்பானைத் தேடி வருபவர்கள் இங்கே சற்று ஏமாற்றம் அடைவார்கள். சாந்தின் காதலரான அவர், 1839இலும் 1841 முதல் 1846 வரையிலும் ஏழு கோடைகாலங்களை இந்த வீட்டில் கழித்தார். தம் முதிர்ந்த படைப்புகளில் பெரும்பகுதியை இங்கேதான் எழுதினார் அல்லது முடித்தார்; சவ ஊர்வல இசை அடங்கிய பி-ஃப்ளாட் மைனர் சொனாட்டா 1839ஆம் ஆண்டுக் கோடையில் இங்கே நிறைவடைந்தது. விருந்தினராக வந்திருந்த தெலக்ருவா, தோட்டத்து நைட்டிங்கேல் பறவைகளின் பாட்டோடும் ரோஜா மணத்தோடும் ஷோப்பானின் பியானோ இசை ஜன்னல் வழியே மிதந்து வருவதை 1842இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஆனால் ஷோப்பானின் அறை இன்று இல்லை. உறவு முறிந்த பிறகு சாந்த் அந்த அறையை மாற்றிக் கட்டிவிட்டார். அதை மறுபடியும் பழையபடி ஆக்கிக் காட்ட இந்த நினைவகத்தை நடத்துபவர்கள் முயலவில்லை. இது மிகச் சரியான முடிவு. அவர் அழித்ததை நாம் மீட்டுவைத்தால், வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு எதிராக வீட்டைக் காப்பதாகிவிடும்.

சுற்றின் இறுதியில் நாடக அறை. 1846ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் விளையாட்டாகத் தொடங்கிய நாடகம், சில ஆண்டுகளில் திரையும் காட்சிப் பலகைகளும் கொண்ட மெய்யான மேடையாகிவிட்டது. பாரிஸில் அரங்கேறவிருந்த தம் நாடகங்கள் சிலவற்றைச் சாந்த் முதலில் இங்கே, ஊர்க்காரர்களும் நண்பர்களும் பார்க்க, ஆடிப் பார்த்திருக்கிறார். அதன் அருகிலேயே மகன் மோரிஸின் பொம்மலாட்ட மேடை. பொம்மைத் தலைகளை மோரிஸ் செதுக்கினார், உடைகளைத் தாய் தைத்தார். கண்ணாடிக்குப் பின்னே நிற்கும் பொம்மைகளில் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தின் ஒரு பக்கம் உளி சற்று ஆழமாகப் போயிருக்கிறது. அந்தப் பள்ளத்தை அடைக்காமல் அதிலேயே நிழல்வண்ணம் பூசியதால், பொம்மை வாயோரத்தில் எதையோ அடக்கிக்கொண்டு நிற்பதாகத் தெரிகிறது. சட்டையின் கழுத்துப்பட்டி நுண்ணிய தையல்களால் முடிக்கப்பட்டிருக்கிறது. இரவெல்லாம் நாவல் எழுதிய கை பகலில் இதையும் செய்திருக்கிறது.

தோட்டத்தில் இரண்டு தேவதாரு மரங்கள் ஓங்கி நிற்கின்றன. மகன் மோரிஸ் பிறந்தபோது ஒன்றும் மகள் சொலான்ழ் பிறந்தபோது ஒன்றும் நட்டவை என்கிறார்கள். இந்த வீடும் தோட்டமும் சிதறாமல் நிலைத்ததற்குக் காரணம் பேத்தி ஒரோர் சாந்த். பாட்டி இறந்தபோது பத்து வயதுச் சிறுமியாக இருந்த அவர், 1961இல் தாம் இறக்கும்வரை இந்த வீட்டைக் காத்தார். 1952இல் இதை அரசுக்கு அளித்தார்.

வியாழன்

காலையில் விக் சென்றேன். அங்குள்ள புனித மார்த்தினார் தேவாலயத்தைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத விரும்புகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் நின்று பார்க்கத் தோன்றாத கட்டடம் அது: கரடுமுரடான கல்சுவர், சிறிய ஜன்னல்கள், எளிய கோபுரம். கதவு திறந்தே இருந்தது, காவலர் யாரும் இல்லை. உள்ளே நுழைந்ததும் மக்கள் அமரும் நீண்ட கூடம். அதற்கும் திருப்பீடப் பகுதிக்கும் நடுவே கூரைவரை எழும்பும் ஒரு குறுக்குச் சுவர், அதன் நடுவில் ஒடுங்கிய வளைவு வாயில். அந்தச் சுவர் முழுவதும் ஓவியம். வாயிலைத் தாண்டி உள்ளே போனால் நான்கு பக்கமும் ஓவியம். வண்ணங்கள் மிகச் சில: செங்காவி, மஞ்சள் காவி, வெள்ளை, சாம்பல். பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்தவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தீட்டியதால் அவை சுவருக்குள் ஊறி, ஏறத்தாழ 900 ஆண்டுகளாக உதிராமல் நிற்கின்றன.

வரைந்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவருடைய கை எவருடைய கையோடும் குழப்பிக்கொள்ள முடியாதது. மனிதர்கள் நெட்டையானவர்கள், முழங்கால் மடிந்து, கழுத்து முன்னே நீண்டு, நடந்துகொண்டேயிருப்பவர்கள். கண்கள் பெரியவை, விரல்கள் கையின் அளவுக்கு மீறி நீண்டவை. அமைதியாக நின்று ஆசி வழங்கும் உருவங்களுக்குப் பழகிய கண்ணுக்கு இந்தச் சுவர்கள் ஒரு சந்தடியாகத் தெரியும். இயேசு எருசலேமுக்குள் நுழையும் காட்சியில் கூட்டம் நெருக்கியடிக்கிறது. யூதாஸ் முத்தமிடும் காட்சியில் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று அழுந்தி, சுற்றியுள்ள படைவீரர்களின் ஆயுதங்கள் தலைக்கு மேலே அடர்ந்து நிற்கின்றன. கடைசி இராவுணவு, சீடர்களின் பாதங்களைக் கழுவுதல், கீழ்த்திசை ஞானியர் வருகை என்று நற்செய்திக் காட்சிகள் தொடர்கின்றன. இவற்றுக்கிடையே இறைவாக்கினர் எசாயாவின் உதடுகளைத் தேவதூதர் நெருப்புத் தணலால் தூய்மையாக்கும் காட்சியும் இருக்கிறது. இது தேவாலயச் சுவர்களில் அடிக்கடி காணக்கிடைக்காத ஒன்று.

இவற்றில் எனக்கு மிக நெருக்கமானது புனித மார்த்தினாரின் உடலைக் கடத்தும் காட்சி. தூர் நகரத்து ஆயரான மார்த்தினார் 397ஆம் ஆண்டில் காந்த் என்னும் ஊரில் இறந்தபோது, அவர் உடல் எங்களுக்கே என்று தூர் நகரத்தாரும் புவாத்தியே நகரத்தாரும் போட்டியிட்டார்கள். இரவில் புவாத்தியேக்காரர்கள் உறங்கிவிட, தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியே வெளியே கடத்திப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரகோரியார் எழுதிவைத்திருக்கிறார். ஓவியர் அந்தக் கதையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். உறங்குபவர்களும் கடத்துபவர்களும் அடுத்தடுத்தே இருக்கிறார்கள். கண்மூடிய தலைகளின் அமைதியும், துணியில் சுற்றிய உடலை வாங்கிக்கொள்ளும் கைகளின் அவசரமும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. அருகே போய்ப் பார்த்தால், முதலில் இட்ட செங்காவிக் கோடும் பின்னர் ஓவியர் தம் எண்ணத்தை மாற்றி வேறிடத்தில் இழுத்த கோடும் ஒரு முழங்கையருகே சற்றே விலகித் தெரிவதாக எனக்குப் பட்டது. ஈரம் காய்வதற்குள் முடிக்கவேண்டிய வேலையில், தயங்க நேரமில்லாத கை அது.

இந்த ஓவியங்கள் வெள்ளையடிப்புக்குள் மறைந்து, ஊராரின் நினைவிலிருந்தே நீங்கிப்போயிருந்தன. 1849ஆம் ஆண்டில் பங்குத்தந்தை ழான்-பத்தீஸ்த் பெரிகோ சுண்ணாம்புக்கு அடியில் வண்ணம் இருப்பதைக் கண்டார். அந்த ஆண்டில், இரண்டு கிலோமீட்டர் தொலைவில், ழார்ழ் சாந்த் தம் வீட்டில்தான் இருந்தார். 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் பாரிஸில் குடியரசுக்காக எழுதி, அந்த மே மாதத்தில் ஊர் திரும்பி, பின்னர் அது ரத்தத்தில் முடிந்ததை அறிந்து மனமுடைந்திருந்த காலம் அது. வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக அப்போது இருந்தவர் எழுத்தாளர் ப்ரொஸ்பேர் மெரிமே. 1833இல் அவருக்கும் சாந்துக்கும் இடையே சில நாளே நீடித்துக் கசப்பில் முடிந்த ஓர் உறவு உண்டு. அந்தக் கசப்பு இந்தச் சுவர்களுக்குக் குறுக்கே வரவில்லை. சாந்த் குரல்கொடுத்தார், 1850இல் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கிருந்து தெற்கே உள்ள புசாக் கோட்டையில் ஈரத்திலும் எலிக்கடியிலும் சிதைந்துகொண்டிருந்த 'பெண்ணும் ஒற்றைக்கொம்பனும்' என்னும் திரைச்சீலைகளின் கதையும் இதுபோன்றதே. மெரிமே 1841இல் அவற்றைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார், சாந்த் தம் எழுத்தில் அவற்றைப் பரப்பினார். இன்று அவை பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விக்கின் ஓவியங்களோ, சுவரோடு பிறந்தவை என்பதால், ஊரைவிட்டுப் போகவில்லை.

அவற்றைக் காப்பாற்றியது செல்வமோ படையோ அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு சிற்றூர்ப் பாதிரியார் சுரண்டிப் பார்த்தார். பக்கத்து ஊர்ப் பெண் எழுதினார். தலைநகரில் ஓர் அதிகாரி படித்துவிட்டுச் செயல்பட்டார். இவர்களில் ஒருவர் அலட்சியமாக இருந்திருந்தாலும் அடுத்த வெள்ளையடிப்பில் அல்லது சுவர் பழுதுபார்ப்பில் எல்லாம் போயிருக்கும்.

நான் அங்கிருந்த நேரம் முழுவதும் ஒரு முதிய தம்பதியர் மட்டுமே வந்தார்கள். அவர்கள் இந்த வட்டாரத்துக்காரர்கள். "நொஆனைப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா, ஐயா?" என்று கேட்டார் அந்த அம்மா. பார்த்துவிட்டேன், ஆனால் இங்கேதான் அதிக நேரம் இருப்பேன் என்றேன். அவர் தலையசைத்து, "எங்கள் கல்யாணம் இந்தச் சுவருக்கு முன்னால்தான் நடந்தது" என்றார். இது இன்னும் வழிபாட்டுக்குரிய இடம்தான் என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

பிற்பகலில் அங்கிருந்து வோவ்ர் ஓடையருகே இருக்கும் அன்ழிபோ ஆலைவரை சென்று வந்தேன். சாந்தின் 1845ஆம் ஆண்டு நாவல் ஒன்றுக்குப் பெயர் தந்த நீராலை அது. ஓடையும் நிழலும் நன்றாக இருந்தன. அதற்காக மட்டும் வழிமாறிப் போகத் தேவையில்லை.

வெள்ளி

மறுபடியும் நொஆன். வீட்டுத் தோட்டத்தை ஒட்டி, ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே, குடும்பக் கல்லறை இருக்கிறது. பாட்டி, தந்தை, சாந்த், மோரிஸ், சொலான்ழ், ஆறு வயது நிறைவதற்கு முன்பே இறந்த பேத்தி நினி என்று எல்லாரும் ஒரு மரத்தின் நிழலில் கிடக்கிறார்கள். சாந்த் 1876 ஜூன் 8ஆம் நாள் இந்த வீட்டில் இறந்தார். இரண்டு நாள் கழித்து மழையில் நடந்த அடக்கத்துக்குப் பாரிஸிலிருந்து ஃப்ளோபேரும், பேரரசர் நெப்போலியனின் தம்பி மகனான இளவரசர் நெப்போலியனும், எழுத்தாளர் இளைய துய்மாவும் வந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி இந்த ஊர்களின் உழவர்கள் நின்றார்கள். விக்டர் ஹ்யூகோ அனுப்பிய இரங்கலுரை வாசிக்கப்பட்டது. "மறைந்த ஒருவருக்காக அழுகிறேன், மறைவில்லாத ஒருவரை வணங்குகிறேன்" என்று அது தொடங்குகிறது. தேவாலயச் சடங்கு வேண்டுமா என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மகள் சொலான்ழ் வேண்டும் என்றார். பூர்ழ் பேராயர் அனுமதித்தார். சதுக்கத்தில் உள்ள அந்தச் சின்னத் தேவாலயத்திலேயே அது நடந்தது.

2004இல் சாந்த் பிறந்த 200ஆம் ஆண்டு நெருங்கியபோது, நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பந்தெயோன் மண்டபத்துக்கு அவர் உடலை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அவர் அந்த மரியாதைக்குத் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. அங்கே பெண்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆயினும் இந்த வட்டாரத்தார் அதை எதிர்த்தார்கள், கல்லறை இடம் மாறவில்லை. நான் அவர்கள் பக்கம்தான். தம் பாட்டியையும் பேத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாம் எழுதிய வயல்களின் நடுவே படுத்திருப்பவரைப் பளிங்குக் கூடத்தில் ஓர் எண்ணுக்குக் கீழே கொண்டுபோய் வைப்பதால் அவருக்குக் கூடப்போவது எதுவும் இல்லை.

திரும்புவதற்கு முன் சிறு தேவாலயத்துக்குள் சென்றேன். 1842இல் தெலக்ருவா இங்கே தங்கியிருந்தபோது, இந்தத் தேவாலயத்தின் பாதுகாவலியான அன்னம்மாள் தம் மகள் மரியாவுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஓவியத்தைத் தீட்டினார். அந்த ஓவியம் இன்று பாரிஸில் தெலக்ருவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கொம்யூனுக்கு உரிய ஒன்று வெளியே போயிருக்கிறது என்றால் அது இதுதான்.

இந்தப் பக்கம் வர எண்ணுபவர்களுக்கு: வீட்டைப் பார்க்க அரை நாள் போதும். கோடையில் பழைய ஆட்டுத்தொழுவத்தில் பியானோக் கச்சேரிகள் நடக்கும், அந்நாட்களில் முன்பதிவு இல்லாமல் வரவேண்டாம். விக்கைக் காலையிலேயே பாருங்கள்; உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகக் கால்மணி நேரமாவது ஆகும், மேல்வரிசை ஓவியங்களுக்குச் சிறிய இருகண் தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது. பேருந்துகள் குறைவு என்பதால் கால அட்டவணையை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே வயல்வழியில் நடந்தே போய்விடலாம்.